சுவரில்லாத வீட்டில் ஆறு நாள்

ஆக்லாந்தில் மகன் வீட்டில் இருந்தபோது சாமோவாவுக்கு ஒரு நடை போய் வந்தோம், அதைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது. கடற்கரை, அருவி, எழுத்தாளர் ஸ்டீவன்சன் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு என்று எழுத நிறைய உண்டு. அதையெல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். பொதுப்பணித் துறையில் கட்டடப் பிரிவில் 33 வருஷம் குப்பை கொட்டியவன் நான். என் கண்ணில் பட்டது அவர்கள் வீடுதான்.

மகனோடு வேலை பார்க்கும் சாமோவா நண்பர் ஒருவர் 2015 ஆகஸ்ட்டில் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினார். "அப்பா அம்மாவை என்னோடு அனுப்பு, எங்கள் வீட்டில் இருக்கட்டும்" என்றார். ஓட்டலில் தங்கிக்கொள்கிறோம் என்று சொன்னதற்கு அவர் முகம் வாடிவிட்டது. சரி, போவோம் என்று கிளம்பிவிட்டோம். ஆக்லாந்திலிருந்து ஏறக்குறைய 4 மணி நேர விமானப் பயணம். இறங்கியதும் பக்கத்திலேயே முலிஃபனுவா என்ற துறை. அங்கே படகேறி சவாயி என்ற பெரிய தீவுக்குப் போக வேண்டும். இந்தத் துறையை விரிவாக்க 1973-இல் கடலடியைத் தோண்டியபோது பழைய மண்பாண்ட ஓடுகள் கிடைத்தன. சுமார் 2,800 வருஷத்துக்கு முன் அந்தத் தீவுகளுக்கு வந்து குடியேறிய ஆதி மக்களுடைய சட்டி பானைகள் அவை. படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நண்பர் இதைச் சொன்னார். நானும் தண்ணீரை எட்டிப் பார்த்தேன். டீசல் எண்ணெய்தான் மிதந்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் எங்கள் வீட்டம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "என்னங்க, வீடு எங்கே? இது ஏதோ மண்டபம் மாதிரி இருக்கே" என்றாள். மண்டபம் என்றது சரியான வார்த்தைதான். இடுப்பு உயரத்துக்குக் கருங்கல் அடுக்கிய மேடை. அதன் மேல் நீள்வட்டமாக நட்ட மரத்தூண்கள். தூண்களுக்கு மேலே கவிழ்த்த பெரிய படகு போல ஒரு கூரை. அவ்வளவுதான். சுவர் இல்லை, கதவு இல்லை, ஜன்னல் இல்லை. ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கம் வாழைத்தோட்டமும் பன்றிக்குட்டிகளும் தெரிகின்றன. வீட்டுக்கு முன்னால் டைல்ஸ் பதித்த ஒரு சமாதி. நண்பரின் தாயார். அங்கே வீட்டு மனிதர்களை வீட்டு வாசலிலேயே அடக்கம் செய்வது வழக்கம். குழந்தைகள் அந்தச் சமாதியின் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்று கொண்டிருந்தார்கள். யாரும் அதட்டவில்லை.

இந்த வீட்டுக்கு ஃபாலே என்று பெயர். சாமோவாவிலும் டோங்காவிலும் ஃபாலே. தஹிதியில் ஃபாரே, ஹவாயில் ஹாலே, நியூசிலாந்து மாவோரிகள் ஃபரே என்பார்கள். எல்லாம் ஒரே சொல்தான். இன்னும் மேற்கே வந்தால் மலாய் மொழியில் 'பாலாய்' என்று இருக்கிறது. மலேசியாவில் உறவுக்காரர் உள்ளவர்களுக்கு 'பாலாய் போலிஸ்', அதாவது போலீஸ் நிலையம், தெரிந்திருக்கும். அந்தப் பாலாய்தான் இந்த ஃபாலே. பக்கவாட்டில் திறந்த பொதுக் கட்டடம் என்பது அதன் பழைய பொருள் என்கிறார்கள் மொழியறிஞர்கள். மாவோரிகள் குளிர் நாட்டுக்குப் போனதால் சுவர் வைத்துக்கொண்டார்கள். சாமோவாக்காரர்களுக்கு அந்த அவசியம் வரவில்லை.

ஃபாலேயில் வகைகள் உண்டு. வட்டமாக உள்ள பெரிய வீடு ஃபாலே தெலே. கூட்டம் கூடவும் விருந்தாளிகளை வரவேற்கவும் அது. நீளமாக இருப்பது ஃபாலே அஃபோலாவ். சின்னக் குடிசை ஃபாலே ஓஓ. சமையல் எப்போதும் பின்னால் தனிக் கொட்டகையில், சூடான கற்களை அடுக்கிய உமு என்ற அடுப்பில். ஆகவே நாம் ஒரு வீட்டில் பல அறை வைக்கிறோம் என்றால், அவர்கள் ஒரு குடும்பத்துக்குப் பல வீடு வைக்கிறார்கள். எல்லாம் ஒரே அறை வீடுகள். மேடையின் உயரத்தைப் பார்த்தே வீட்டுக்காரரின் அந்தஸ்தைச் சொல்லிவிடலாம். பெரிய பட்டம் என்றால் உயர்ந்த மேடை. நண்பரின் தந்தை ஒரு மதாய், அதாவது குடும்பப் பட்டம் வகிப்பவர். 78 வயது. உடம்பு முறுக்குக் கம்பி மாதிரி.

நான் முதலில் பார்த்தது மூட்டுகளை. தூணும் உத்தரமும் சேரும் இடத்திலும், வளைந்த கைமரமும் வரிச்சும் சேரும் இடத்திலும் ஒரு ஆணி இல்லை, போல்ட் இல்லை. எல்லாம் கயிற்றுக் கட்டு. கயிறு என்றால் சும்மா சுற்றிய கயிறு அல்ல. பழுப்பும் கறுப்புமாகக் கோலம் போட்டது போல, ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு விதமாக, கட்டம் கட்டமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தபடி அரை மணி நேரம் நின்றேன். பெரியவர் மகனிடம் ஏதோ கேட்டார். "உங்கள் நண்பரின் அப்பாவுக்குக் கழுத்துப் பிடிப்பா?" என்று கேட்டாராம்.

நான் கட்டட வேலை பார்த்தவன் என்று மகன் சொன்னதும் பெரியவர் எழுந்து போய் ஒரு அரிசிச் சாக்கைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினார். உள்ளே உருண்டை உருண்டையாக நார்ப் பின்னல். அதன் பெயர் அஃபா. அதற்கென்றே நீண்ட மட்டை உள்ள ஒரு தென்னை ரகம் வைத்திருக்கிறார்கள். மட்டையை வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, மரக்கட்டையால் அடித்து, சோற்றை நீக்கிக் காயவைத்து நாரைப் பிரிக்கிறார்கள். இதுவரை நம் கயிற்றுத் தொழிலும் அதுவும் ஒன்றுதான். அப்புறம் வித்தியாசம். நாம் முறுக்குவோம். அவர்கள் சில நார்களைத் தொடையில் உருட்டிச் சிறு இழையாக்கி, மூன்று இழையை எடுத்துப் பின்னுகிறார்கள். "ஜடை பின்னுற மாதிரியே இருக்கே" என்றாள் என் மனைவி. அதேதான். இழை முடியும் இடத்தில் இன்னொன்றைச் சேர்த்துப் பின்னிக்கொண்டே போக வேண்டியது. முடிவே கிடையாது.

ஒரு சாதாரண வீட்டுக்கு எவ்வளவு அஃபா வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? 30,000 முதல் 50,000 அடி வரை ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் கணக்கில் 9 முதல் 15 கிலோமீட்டர். அத்தனையும் கையால் பின்னியது. இளைஞர்கள் தோட்டத்துக்கும் மீன் பிடிக்கவும் போய்விடுவார்கள். வயதானவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து ஊர் விவகாரம் பேசிக்கொண்டே பின்னுவார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு அங்கே வேலை ஒதுக்கியிருக்கிறார்கள் பாருங்கள்! நானும் ஒரு மாலை முழுக்க முயன்றேன். ஒரு சாண் பின்னுவதற்குள் தொடையில் முடியெல்லாம் போயிற்று.

கட்டடக்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். உப்புக் காற்றில் ஆணி துருப்பிடிக்கும், துருப்பிடித்த ஆணி மரத்தையும் பிளக்கும். தேங்காய் நாருக்கு உப்பு ஒரு பொருட்டல்ல. புயல் காற்றில் கயிற்று மூட்டு கொஞ்சம் அசைந்து கொடுக்கும், திரும்ப நிற்கும். படகுப் பலகைகளையும் இதே அஃபாவால் கட்டித்தான் இந்த மக்கள் அந்தப் பெரிய சமுத்திரத்தில் தீவு தீவாகப் போயிருக்கிறார்கள். கடலில் தாங்கியதை வீட்டிலும் நம்பினார்கள். இன்னொரு சௌகரியமும் உண்டு. கட்டை அவிழ்த்தால் கூரையைப் பகுதி பகுதியாகப் பிரித்துவிடலாம். பழைய காலத்தில் ஒரு வீட்டையே பிரித்து, மிதவையில் ஏற்றி, இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்களாம்.

கூரைக்குக் கரும்புத் தோகை. குச்சிகளில் மடித்துத் தைத்து, நெருக்கமாக அடுக்கி வேய்வது. நான் தங்கிய வீட்டில் இப்போது தோகை இல்லை. 1990-இல் ஓஃபா புயலும் 1991-இல் வால் புயலும் அடுத்தடுத்து வந்து தீவைப் புரட்டிப் போட்டன. அதற்குப் பிறகு தகரம் போட்டுவிட்டார்கள். பகலில் அனல்தான். ஆனால் அந்தக் கடல் காற்று நாலு பக்கமும் நுழைந்து போவதால் தெரியவில்லை. மழை வந்தால் தூண்களுக்கு இடையே சுருட்டிக் கட்டியிருக்கும் திரைகளை இறக்கிவிடுவார்கள். தென்னங்கீற்றில் முடைந்த தட்டிகள் அவை. போலா என்று பெயர். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மட்டும் இறக்கினால் போதும்.

வீடு கட்டும் ஆசாரிகளுக்கு துஃபுங்கா என்று பெயர். (ஆங்கிலத்தில் எழுதும்போது ஜி மட்டும் போடுவார்கள், ஆனால் உச்சரிப்பு நம் 'ங' தான். பாகோ பாகோ என்று அட்லஸில் படித்தோமே, அது உண்மையில் பாங்கோ பாங்கோ.) வீடு கட்டும் துஃபுங்காக்கள் தங்கள் குழுவை 'சா தங்கலோவா' என்று சொல்லிக்கொள்வார்கள். தங்கலோவா அவர்களுடைய பழைய வானக் கடவுள். வரைபடம் கிடையாது, எஸ்டிமேட் கிடையாது, டெண்டர் கிடையாது. கூலி இவ்வளவு என்று முதலில் பேசுவதும் கிடையாது. வேலை நடக்கும்போது சாப்பாடு போட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் விருந்து, மெல்லிய பாய்கள், பரிசுகள். அந்தப் பாய்களைப் பெண்கள் மாதக்கணக்கில் முடைவார்கள். அவர்களுக்கு அதுதான் தங்கம். 2019-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் அந்தப் பாயைச் சேர்த்துக்கொண்டது. வீட்டுக்காரர் மரியாதையில் குறை வைத்தால் துஃபுங்கா கருவிகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பாதியில் நிற்கும் வீட்டை அந்தக் குழுவில் வேறு யாரும் தொட மாட்டார்கள். ஊர் முழுக்க அந்த அரைகுறைக் கூரையைப் பார்த்துக்கொண்டே போகும். எங்கள் துறையில் எத்தனையோ ஒப்பந்தக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், பில் நிற்கிறதென்று பாதியில் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அடுத்த ஆள் மறுநாளே வந்துவிடுவான்.

இரண்டாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் எங்களைப் பார்க்க வந்தார்கள். அப்போதுதான் தூண்களின் இன்னொரு உபயோகம் தெரிந்தது. வந்தவர்கள் கண்ட இடத்தில் உட்காரவில்லை. ஒவ்வொருவரும் ஒரு தூணில் முதுகைச் சாய்த்துச் சம்மணம் போட்டார்கள். வீட்டின் வளைந்த இரண்டு முனைகளும் உயர்ந்த பட்டக்காரர்களுக்கு. முன்பக்க நடுத் தூண்கள் பேச்சாளர் தலைவர்களுக்கு. பின்பக்கம் ஆவா என்ற வேர்ப் பானத்தைக் கரைத்துக் கொடுப்பவர்களுக்கு. பட்டம் மாறினால் தூண் மாறும். வெளியூர்க்காரர் ஒருவர் உள்ளே பார்த்த மாத்திரத்தில் யார் யார் என்ன நிலை என்று படித்துவிடலாம். எனக்கு விருந்தாளி என்று ஒரு தூண் கொடுத்தார்கள். முதுகுவலிக்காரனுக்கு அது பெரிய உதவி.

ஆனால் கால் நீட்டக் கூடாது. நீட்டியே ஆக வேண்டும் என்றால் மேலே ஒரு பாயைப் போட்டு மூட வேண்டும். நின்றுகொண்டு பேசக் கூடாது. உட்கார்ந்திருப்பவர் முன்னால் போக நேர்ந்தால் குனிந்து, "தூலோவ்" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். மாலையில் சங்கு ஊதினால் ஊரே அடங்கிப் பிரார்த்தனை. அந்த நேரத்தில் தெருவில் நடக்கக் கூடாது. சுவர் இல்லாத வீட்டில் இவ்வளவு கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் இருக்கின்றன. மனிதர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அவர்கள் 'வா' என்கிறார்கள். அந்த 'வா'வைப் பார்த்துக் காப்பாற்றுவதுதான் நல்ல நடத்தை.

ராத்திரி எப்படித் தூங்கினோம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொசுவலைக்குள்தான். ஒரு முனையில் நாங்கள், நடுவில் பிள்ளைகள், மறுமுனையில் பெரியவர். ஒரு குழல்விளக்கை விடிய விடிய அணைக்கவே இல்லை. முதல் இரவு என் மனைவி கண்ணே மூடவில்லை. கைப்பையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, யாராவது நடந்தால் எழுந்து உட்கார்ந்தாள். மூன்றாம் இரவு குறட்டை விட்டாள். எனக்கு ராத்திரி இரண்டு முறை எழுந்து போக வேண்டும். கழிப்பறை பின்னால் தனியாக. நான் எழுந்ததும் பெரியவர் வலைக்குள்ளிருந்தே ஒரு டார்ச்சை உருட்டிவிடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

மார்கரெட் மீட் என்ற அமெரிக்க மானுடவியல் அம்மையார் 1925-இல் கிழக்குச் சாமோவாவுக்குப் போய்ப் பெயர்பெற்ற புத்தகம் எழுதினார். அவரே சாமோவாக் குடும்பத்தோடு தங்காமல், அமெரிக்கக் கடற்படை மருந்தகத்தில் தங்கித்தான் வேலை செய்தார். சுவரில்லாத வீட்டில் ஆறேழு பேரோடு இருந்தால் நரம்புகள் தாங்காது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுதுகிறவருக்கு ஒரு கதவு வேண்டும்.

இனி விவகாரத்துக்கு வருகிறேன். நண்பர் வந்தது வெறும் விடுமுறைக்கு அல்ல. அவரும் இரண்டு தங்கைகளும் ஆக்லாந்தில் சேர்த்த பணம் இருந்தது. பழைய வீட்டை எடுத்துவிட்டு, அதே இடத்தில் கான்கிரீட் கல்லில், கண்ணாடி லூவர் ஜன்னல் வைத்து நாலு அறை வீடு கட்டலாம் என்பது பிள்ளைகள் யோசனை. 2012 டிசம்பரில் ஈவன் புயல் வந்ததிலிருந்து அவர்களுக்குப் பயம். பெரியவர் முடியாது என்றுவிட்டார். ஐந்தாம் நாள் இரவு பிரார்த்தனைக்குப் பிறகு பேச்சு ஆரம்பித்தது. நண்பர் எனக்கு மெல்ல மொழிபெயர்த்தார்.

பெரியவர் உணர்ச்சிவசப்பட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி. "நான் செத்தால் ஊர் வந்து எங்கே உட்காரும்? நாலு அறையில் எந்த அறை? சோபாவில் யார் பெரியவர் என்று எப்படித் தெரியும்?" நண்பர் பதில் சொல்லவில்லை.

அதற்கு பதில் சொன்னது ஊரில் இருக்கும் இளைய மருமகள். அதுவரை பின்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தவள். மழை வந்தால் ராத்திரி எழுந்து ஓடித் திரையை இறக்குவது யார், நான்தான் என்றாள். வருஷா வருஷம் கீற்று முடைவது நான், பாய் நனைந்தால் காயவைப்பது நான். பெண்ணுக்குப் பதினைந்து வயது, உடை மாற்றப் பின்கொட்டகைக்கு ஓடுகிறாள், பரீட்சைக்குப் படிக்க ஒரு மூலை கிடையாது. என் கணவரோடு ஒரு சண்டை போட வேண்டும் என்றால்கூடத் தோட்டத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. கடைசியில் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மொழி தெரியாவிட்டாலும் என் மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் காதில், "அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி" என்றாள். எனக்கோ பெரியவர் பக்கமும் நியாயமாகப் பட்டது.

பிறகு என்னைக் கேட்டார்கள். இஞ்சினியர் சொல்லட்டும் என்றார் பெரியவர். இடத்தைப் பகலிலேயே அளந்து பார்த்திருந்தேன். அங்கே நிலம் ஏறக்குறைய 80 சதவீதம் குடும்பங்களின் பொதுச் சொத்து, விற்க முடியாது. ஆகவே பின்னால் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஃபாலேயைத் தொட வேண்டாம், சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் இரண்டு அறை மட்டும் கல்லில் கட்டுங்கள், கூரையை இரும்புப் பட்டையால் சுவரோடு இறுக்குங்கள், மிச்சப் பணத்தில் ஃபாலேயின் இரண்டு தூண் அடியில் உளுத்திருக்கிறது, அதை மாற்றுங்கள் என்றேன். இதில் என் புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை. வருகிற வழியெல்லாம் பல குடும்பங்கள் அப்படித்தான் வைத்திருந்தன. முன்னால் திறந்த வீடு, பின்னால் பூட்டும் வீடு. மருமகள் மூன்று அறை கேட்டாள். மூன்றானது.

தூண் மாற்றும்போது கட்டை யார் கட்டுவது என்றுதான் பிறகு பெரும் பேச்சு. அந்த ஊரில் அந்த வேலை முழுதாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், இருவரும் பெரியவரைவிட மூத்தவர்கள். நைலான் கயிறு போடலாம் என்றார் நண்பர். பெரியவர் தன் அரிசிச் சாக்கைக் காட்டினார்.

2017-இல் பெரியவர் காலமானார். படங்களை நண்பர் மகனுக்கு அனுப்பினார், நாங்கள் ஊரில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தோம். ஃபாலே நடுவில் பாய்கள் மேல் அவரைக் கிடத்தியிருக்கிறார்கள். சுற்றிலும் தூணுக்கு ஒருவராக ஊர். புதிதாக மாற்றிய இரண்டு தூணிலும் அஃபாதான் கட்டியிருக்கிறது. பின்னால் கல் வீட்டு ஜன்னலில் அந்தப் பெண் நிற்கிறாள், இப்போது வளர்ந்துவிட்டாள். அவளுக்கு அந்த வருஷம் கல்லூரியில் இடம் கிடைத்ததாம்.

பட்டம் யாருக்கு என்பதில் குடும்பத்தில் ஒரு முடிவுக்கு வர வருஷங்கள் ஆயிற்று. மூத்தவர் என்ற முறையில் நண்பரைக் கேட்டார்கள். பட்டம் வாங்கினால் ஊரோடு இருக்க வேண்டும் என்று உறவினர்கள் ஒரு பிரிவு. ஆக்லாந்தில் வீட்டுக் கடன், பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் என்று இவர் பக்கம். சென்ற ஆண்டுதான் தம்பிக்கு முடிவானது. மருமகள் இப்போது மதாயின் மனைவி. விருந்தாளிகள் வந்தால் திரை இறக்குவது இன்னும் அவள்தானாம்.